மரத்தைத் தொட்ட இரும்பு

கண்ணமங்கலத்தில் புளி மண்டி வைத்திருக்கும் துரைக்கண்ணு என்றால் ஜவ்வாது மலையில் பாதி ஊர்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் மாசி பிறந்ததும் மலையேறி, உலுக்கி ஓடு தட்டிய புளியை மூட்டை கட்டி இறக்குவதுதான் என் பிழைப்பு. ஒரு மரத்துப் புளியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்காமல் நான் விலை பேசியதே கிடையாது. என் சம்சாரம் கத்தரிக்காய் வாங்கினால்கூட நான் ஒன்றை ஒடித்துப் பார்ப்பேன். அப்படிப்பட்ட எனக்கு ரங்கசாமி சிநேகிதனாக வாய்த்ததைத் தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

ரங்கசாமிக்கு ஊர் நெல்லிமரத்தூர். அமிர்திக் காட்டைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் ஏறினால், வெயில் உறைக்கத் தொடங்குகிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். சாமையும் கேழ்வரகும் விதைக்கிற சரிவு நிலம், நான்கைந்து புளியமரம், இரண்டு மாடு, சில ஆடுகள். மலையில் தச்சர் என்று தனியாக யாரும் இல்லை. அவரவர் ஏரை அவரவரே செதுக்கிக்கொள்வார்கள். ஆனால் ரங்கசாமி செதுக்கிய ஏர் மண்ணில் அடம்பிடிக்காமல் இறங்கும் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு அவனைத் தேடி வருவார்கள். கூலி கேட்க அவனுக்கு வாய் வராது. அவர்களாகக் கொண்டுவந்த தானியத்தை மூலையில் கொட்டிவிட்டுப் போவார்கள். இவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கட்டையை எடுத்து வைத்துக்கொள்வான்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பான். பேச்சு மட்டும் எண்ணெய் போடாத வண்டி மாதிரி மெதுவாகத்தான் வரும். வேலையில் இறங்கிவிட்டால் சோறு தண்ணீர் ஞாபகம் இருக்காது. ஆரம்பித்த ஏரை முடிக்காமல், மரம் செதுக்குகிற வாச்சியைக் கீழே வைக்க மாட்டான். களி ஆறிப்போய்க் கல்லாகிவிடும். அம்சவல்லி அதை மாட்டுக்கு வைத்துவிட்டு வேறு கிண்டுவாள். அம்சவல்லி அவன் பெண்டாட்டி. சொந்த அத்தை மகள். கலியாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தைக்குச் செந்தாமரை என்று பேர் வைத்திருந்தார்கள்.

நான் சொல்லப் போகிற விஷயம் எழுபத்தெட்டாம் வருஷத்தில் நடந்தது. அதற்கு முந்தின ஐப்பசியில் நல்ல மழை. ஒரு நாள் காலையில் அம்சவல்லி பாயைச் சுருட்டும்போது, குழந்தை படுத்திருந்த இடத்துக்கு அடியில் ஒரு கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. குழந்தையின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கிறது. அம்சவல்லி கத்தவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து புருஷனைக் கூப்பிட்டாள். ரங்கசாமி அதை அடித்து வெளியே போட்டான். மலையில் பல வீடுகளுக்கு அப்போது மூங்கில் படல்தான் கதவு. படலுக்கு அடியில் கோழியே நுழையும், பாம்புக்கு என்ன கஷ்டம்.

அன்று மத்தியானமே அம்சவல்லி குழந்தையோடு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது, "உம்மேல எனக்குக் கோவம் இல்ல மாமா. சந்து இல்லாத கதவு ஒண்ணு போடு. போட்டதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் நாலு பேரை வைத்துச் சமாதானம் பேசலாம். அவள் சண்டையே போடவில்லை. அமிர்தியிலிருந்து ஏறுகிற வழியில் முதல் ஊர்தான் அவள் தாய்வீடு. ரங்கசாமி அடிக்கடி இறங்கிப் போவான். முகம் கோணாமல் சோறு போடுவாள். குழந்தை அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கும். அப்புறம் அவன் தனியாக ஏறி வீட்டுக்கு வருவான். "புள்ள சத்தம் இல்லாத வூட்டுல அடுப்பு மூட்டவே கை வரலண்ணே" என்று என்னிடம் ஒரு தரம் சொன்னான். அவன் அப்படியெல்லாம் சொல்லுகிற ஆளே இல்லை.

கதவு செய்யத் தெரியாதவன் இல்லை அவன். ஆனால் ஏர் வேறு, கதவு வேறு. வாச்சியால் செதுக்கிய பலகையின் ஓரம் எத்தனை பதனமாகச் செதுக்கினாலும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இரண்டு பலகையை ஓரத்தோடு ஓரம் சேர்த்து நிறுத்தினால் நடுவே வெளிச்சம் தெரியும். முதல் கதவில் விரல் நுழைந்தது. அதைப் பிரித்து விறகாக்கிவிட்டு இரண்டாவது செய்தான். அதிலும் சுண்டுவிரல் போனது. மூன்றாவதில் சந்துக்குச் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசினான். நான் கார்த்திகையில் போயிருந்தபோது மண் காய்ந்து உதிர்ந்து, அந்தச் சந்து வழியாக ஓர் ஓணான் தலையை நீட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஓரம் நேரா வரணும்னா இழைப்புளி வேணும்ணே" என்றான் ரங்கசாமி. காட்டிலாகா பங்களா கட்டியபோது கீழேயிருந்து வந்த தச்சர்கள் இழைப்புளி பிடித்ததை அவன் நின்று பார்த்திருக்கிறான். தள்ளத் தள்ளச் சீவல் சுருண்டு விழுந்ததும், பலகை ஓரம் தண்ணீர் மாதிரி ஆனதும் அவனுக்கு மறக்கவில்லை.

தை மாதம் வேலூர்க் கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி போட்டார்கள். தச்சுச் சாமான்களுக்கென்றே ஒரு பெரிய கொட்டகை இருப்பதாகவும், யார் வேண்டுமானாலும் எடுத்து வேலை செய்து பார்த்து வாங்கலாம் என்றும் மண்டிக்கு வந்த ஒருவர் சொன்னார். எனக்கு உடனே ரங்கசாமி ஞாபகம் வந்தது. சொல்லியனுப்பினேன். வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாக வந்து சேர்ந்தான். இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

பொருட்காட்சி என்றால் கேட்க வேண்டுமா. பிளாஸ்டிக் வாளி, தட்டு அகல அப்பளம், வளையல் கடை, ராட்டினம், ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தைகளின் பேர். ரங்கசாமி ராட்டினத்தின் அடியில் கொஞ்ச நேரம் நின்றான். மேலே போய் அலறுகிறவர்களை அவன் பார்க்கவில்லை. அச்சு எப்படிச் சுழல்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். டிக்கெட் கிழிக்கிறவன் இவனை ஒரு மாதிரி பார்க்கவும் நான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தச்சுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவன் நடை மாறிவிட்டது. கோயிலுக்குள் போகிறவன் மாதிரி செருப்பைக் கழற்றப் பார்த்தான். சுவர் முழுக்க ரம்பங்கள், பெஞ்சு நிறைய உளிகள், அகலம் அகலமாக இழைப்புளிகள். நடுவில் ஒரு மேசையில் பற்றுக்கருவி பொருத்தி, அதில் மாமரக் கட்டைகளை முடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே விற்கிறவன் சின்னராசு என்று ஒரு வாட்டசாட்டமான ஆள், ராணிப்பேட்டைப் பக்கம். டெரிலின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, குரல் மட்டும் களைக்கவில்லை.

"வாங்கண்ணே, வந்து தொட்டுப் பாருங்க. இழைச்சிப் பாருங்க, அறுத்துப் பாருங்க. தொடறதுக்குக் காசு கிடையாது" என்று கூவிக்கொண்டிருந்தான்.

ரங்கசாமி இழைப்புளிகளுக்கு முன்னால் போய்க் குந்தினான். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தான். கவிழ்த்து அடிப்பாகத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். தகட்டை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டான். மரத்தை முகர்ந்தான். இரும்பிலேயே செய்த இழைப்புளிகளை மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டான். கடைசியில் வேலமர உடம்போடு இருந்த ஒன்றை எடுத்து, கையில் ஏந்தி எடை பார்த்து, தன் துண்டின்மேல் தனியாக வைத்துக்கொண்டான். இதற்குள் எனக்குக் கால் கடுத்துவிட்டது.

சின்னராசு பார்த்துவிட்டு வந்தான். "நல்லதாத்தான் எடுத்திருக்கீங்கண்ணே. இந்தக் கட்டையில ரெண்டு தள்ளு தள்ளிப் பாருங்க, அப்பத்தான தெரியும்."

ரங்கசாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். "வேணாம்ப்பா. வாங்கின அப்பால இழைச்சிக்கறேன்."

"வாங்கின அப்பால நல்லாயில்லன்னா இன்னா பண்ணுவ?" என்றேன் நான். என்னால் பொறுக்க முடியவில்லை. "சும்மா தள்ளிப் பாரு, ரங்கா. அவரே சொல்றாரு இல்ல."

அவன் மெதுவாக ஆரம்பித்தான். "பாக்கறதுக்காக மரத்துல வைக்கக் கூடாதுண்ணே. எங்க பக்கம் அப்படி இல்ல. கடையிலேர்ந்து வர்ற இரும்பு எவன் கையில மரத்தத் தொடுதோ, அவன் இரும்பு அது. அத்த எடுத்துகினு போய் வூட்டுக்கு ஆவற வேலை ஒண்ணு முடிக்கணும். அது முடிஞ்சாத்தான் இன்னொரு இரும்பு வாசல்ல நுழையலாம்."

"நுழைஞ்சா?"

"இன்னா ஆவும்னு தெரியாதுண்ணே. எவனும் நுழைச்சதில்ல."

கீழேயிருந்து கொல்லர் ஏர்க்கொழுவும் வாச்சியும் சுமந்துகொண்டு மலைக்குப் போகும்போது, ஜனங்கள் சுண்டியும் முகர்ந்தும் பார்த்து வாங்குவதை நானும் கண்டிருக்கிறேன். மலைக்காரர்களுக்கு அவசரம் இல்லை, அதனால் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ருசி பார்த்தவன்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டால் புளி வியாபாரிகள் எல்லோரும் மலையிலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

சரி, எப்படியோ வாங்கித் தொலைத்தால் போதும் என்று, "அதுக்கு ஒரு பில் போடுப்பா" என்று சின்னராசுவிடம் சொன்னேன். அவன் பில் புத்தகத்தைத் தேடிக்கொண்டு கொட்டகையின் அடுத்த முனைக்குப் போனான். வினை அந்த இடைவெளியில்தான் வந்தது.

நடு மேசையில் ஒரு டிரில் இருந்தது. மின்சாரம் இல்லாதது. மேல்தட்டை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் பிடித்து, மறு கையால் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பல்சக்கரம் சுழன்று முனைக்கம்பி மரத்துக்குள் இறங்கும். யாரோ ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா வந்து, பிள்ளைகள் ராட்டினத்துக்கு அழுகின்றன என்று சொல்லவும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். கம்பி பாதி ஓட்டையில் குத்தி நின்றது.

ரங்கசாமி அதைப் பார்த்தான். வேறு பக்கம் திரும்பினான். மறுபடி பார்த்தான். பாதியில் நிற்கிற வேலை கண்ணில் பட்டால் அவனுக்கு இருப்பு கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் அப்பளக் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் நெஞ்சைத் தட்டில் கொடுத்துக் குனிந்திருந்தான். கை சுற்றிக்கொண்டிருந்தது. மாமரத் தூள் சுருள் சுருளாக வெளியே வந்து அவன் கால்விரல்மேல் விழுந்தது. அவன் முகத்தில் ஐப்பசிக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது. கம்பி மறுபக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தது. ரங்கசாமி அதை உருவி எடுத்து ஓட்டையில் ஊதினான்.

பிறகு அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே" என்றான். "மரத்தத் தொட்டுட்டேன்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அங்கேயே வாதாட ஆரம்பித்தேன். வாதாடுவதில் என்னை மடக்கியவர்கள் கம்மி.

"இது புது இரும்பு இல்லியே ரங்கா. காலையிலேர்ந்து ஊரே சுத்திகினு கீது."

"வாங்காத வரைக்கும் புதுசுதாண்ணே."

"அந்த ஓட்டைய ஆரம்பிச்சவரு வேற ஆளு. அப்ப இது அவருது."

"அவரு வுட்டுட்டுப் போய்ட்டாரு. முடிச்சவன் நான்."

"முடிச்சிட்ட இல்ல? ஒரு வேலை முடிஞ்சிபோச்சி. கெளம்பு, இழைப்புளிய எடு."

"வூட்டுக்கு ஆவற வேலைண்ணே" என்றான். "இந்த ஓட்டை எந்த வூட்டுக்கு ஆவும்?"

இதற்குள் சின்னராசு பில் புத்தகத்தோடு வந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவனும் என் கட்சிக்கு வந்தான். எங்கள் இரண்டு பேர் பேச்சும் ரங்கசாமியிடம் எடுபடவில்லை. சின்னராசு கடைசியில் அலுத்துப்போய், "சரிண்ணே, டிரில்லே எடுத்துக்கங்க, எனக்கு இன்னா" என்று அட்டைப்பெட்டியில் இருந்த புது டிரில் ஒன்றை எடுத்து நீட்டினான்.

ரங்கசாமி அதை வாங்கவில்லை. "இது வேணாம்ப்பா. அது" என்று மேசையில் கிடந்ததைக் காட்டினான்.

"அண்ணே, அது சாம்பிளு. ஊரு கை பட்டு வார்னிஷ் போயி கீது பாருங்க. காசு குடுத்து யாராவது பழச வாங்குவாங்களா?"

"மரத்தத் தொட்டது அதுதான."

புதுச் சாமான் வேண்டாம், பழைய சாமானைக் கொடு என்று கெஞ்சிய ஒரே வாடிக்கையாளரை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். கூட்டம் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டது. எனக்கு மானம் போயிற்று. சின்னராசு தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அந்தப் பழைய டிரில்லைத் துடைத்துக் கொடுத்தான். நல்ல மனுஷன், விலையிலும் குறைத்துக்கொண்டான். துண்டின்மேல் இருந்த இழைப்புளியை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தான். அது அலமாரிக்குப் போகிற வரைக்கும் ரங்கசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கோபம் அப்போது கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை.

நான் கண்ணமங்கலம் பஸ் ஏறிப் போயிருக்கலாம். அவனைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. அமிர்தி பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், பேசவில்லை. டிரில்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான். பாதி வழியில், "கோவமாண்ணே?" என்றான்.

"கோவம் இல்லாம? கதவு போட்டா பெண்டாட்டி வருவா. கதவு போட இழைப்புளி வேணும். இழைப்புளி வாங்கப் போன எடத்துல நீ ஓட்டை போட்டுகினு வர்ற."

"அவளுக்கு இன்னா சொல்லுவேன்னுதான் தெரியல" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அமிர்தியில் இறங்கி ஏறினோம். அம்சவல்லியின் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும், தப்ப முடியாது. எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் அம்மா மங்கம்மாள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ரங்கசாமி துண்டைப் பிரித்துத் தரையில் வைத்தான்.

அம்சவல்லி குனிந்து பார்த்தாள். "இது இன்னாண்ணே பண்ணும்?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"ஓட்டை போடும்மா" என்றேன்.

மங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "சந்து அடைக்கச் சாமான் வாங்கினு வாடான்னா, ஓட்டை போடற சாமான் வாங்கினு வந்து நிக்கறியேப்பா. பாம்பு நுழைய எடம் பத்தலன்னா?"

நியாயமான பேச்சு. நான் சொல்ல நினைத்ததையே அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். ரங்கசாமி தலை குனிந்து நின்றான். அம்சவல்லி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரத்தத் தொட்டுச்சா மாமா?"

"தொட்டுச்சி."

"உங் கையிலயா?"

"எங் கையிலதான்."

"அப்பறம் இன்னாத்த பண்ணுவ" என்றாள் அவள். அவ்வளவுதான். திட்டவில்லை, திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று சொல்லவில்லை. அம்மாவிடம், "நீ சும்மா இரும்மா" என்றாள். உள்ளே போய் எங்கள் இருவருக்கும் கூழ் கொண்டுவந்தாள். வேலூரில் நான் கரடியாய்க் கத்தியும் புரிந்துகொள்ள முடியாத ஒன்றை இவள் இரண்டு கேள்வியில் முடித்துவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் கூட வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. கூழ் குடித்துவிட்டு நான் ஊருக்கு இறங்கினேன், ரங்கசாமி தனியாகத்தான் ஏறிப் போனான். செந்தாமரை அவன் போகிற திசையைப் பார்த்துக் கையை ஆட்டியது.

மாசியில் நான் நெல்லிமரத்தூர் போனபோது ஊரே புளியமரத்தில் இருந்தது. ஆண்கள் கிளையில் நின்று உலுக்க, பெண்கள் கீழே பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரங்கசாமி மட்டும் வீட்டு முன்னால் பலகைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் புது நிலை வைத்திருந்தான். கீழே படியும் வைத்து மண்ணில் இறுக்கியிருந்தான். பழைய படலைப் பிடுங்கி ஆட்டுப்பட்டிக்கு வைத்துவிட்டதால் வாசல் திறந்து கிடந்தது.

"ஓரத்தோட ஓரம் சேராதுண்ணே, அது என் வாச்சிக்கு வராத வேலை" என்றான். "அதான் ஒண்ணுமேல ஒண்ணு ஏத்திட்டேன்." இரண்டு பலகைகளை எடுத்துக் காட்டினான். ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் நாலு விரல் அகலம் ஏறி உட்கார்ந்தது. கூரைக்குப் புல் வேய்கிற மாதிரிதான். ஏறியிருக்கிற இடத்தில் டிரில்லால் ஓட்டை போட்டு, மர முளை அடித்து இறுக்கிவிட்டால் ஓரம் எத்தனை கோணலாக இருந்தாலும் வெளிச்சம் தெரியாது. கதவின் அடிப்பக்கம் படிக்கு வெளியே இறங்கி நிற்கும்.

நல்ல யோசனைதான், நான் ஒப்புக்கொண்டேன். அதற்காக அந்த வழக்கம் சரி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இழைப்புளி வாங்கியிருந்தால் தை முடிவதற்குள் கதவு நின்றிருக்கும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இழைப்புளி என்றால் தனி ஆளாகத் தள்ளிவிடலாம். இந்த டிரில்லுக்கு நெஞ்சும் வேண்டும், இரண்டு கையும் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பலகைகளை அசையாமல் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கல்லை வைத்து அழுத்தினான், கயிறு போட்டுக் கட்டினான். கம்பி இறங்குகிற நேரத்தில் பலகை வழுக்கி ஓட்டை கோணலாகிவிடும். எல்லாரும் புளியில் இருந்ததால் அவன் யாரையும் கூப்பிடவில்லை. நான் பலகைமேல் உட்கார்ந்து பார்த்தேன். என் உடம்புக்குப் பலகை வளைந்துகொண்டு கிரீச்சிட்டது. "எழுந்திருங்கண்ணே, ஒடைஞ்சிடும்" என்றான் ரங்கசாமி.

"அம்சவல்லிக்குச் சொல்லியனுப்பினியா?"

"கதவு போட்டதும் வர்றேன்னு சொன்னவகிட்ட, கதவு போட வான்னு எப்படிண்ணே சொல்றது?"

அவன் சொல்லவில்லை. ஆனால் புளி சுமந்து இறங்குகிறவர்களுக்கு வாய் இருக்கிறதே. வீடு வாசல் திறந்து கிடக்கிறது, இவன் தனியாகப் பலகையோடு புரளுகிறான் என்று அந்தச் செய்தி கீழே போயிருக்கிறது. நான் மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் அம்சவல்லி வந்து நின்றாள். தலையில் துணி மூட்டை, முதுகில் கட்டிய சேலையில் செந்தாமரை.

ரங்கசாமி எழுந்தான். "இன்னும் முடியலியே" என்றான், தப்பு செய்தவன் மாதிரி.

"தெரியும்" என்றாள். மூட்டையை இறக்கி வைத்தாள். "போட்டா வர்றேன்னு சொன்னேன். போடறதுக்கு ஆள் வேணும்னா அப்ப யாரு வருவா? எங்க உக்காரணும், சொல்லு."

குழந்தையை முதுகிலிருந்து அவிழ்க்காமலேயே பலகையின் குறுக்கே உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஓரத்தை அழுத்திப் பிடித்தாள். ரங்கசாமி நெஞ்சைக் கொடுத்துச் சுற்றினான். கம்பி ஆடாமல் நேராக இறங்கியது. ஒரு முளை அடித்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். செந்தாமரை அம்மாவின் தோள்வழியே எட்டி, அப்பாவின் தலையைப் பார்க்கிறபோதெல்லாம் கையை நீட்டியது.

பொழுது சாய்ந்தபோது பாதிக் கதவுதான் ஆகியிருந்தது. நான் பார்க்க, தொடங்கிய வேலையை நடுவில் நிறுத்தி ரங்கசாமி சாமானைக் கீழே வைத்தது அன்றைக்குத்தான். முகத்தில் கவலை அப்பியிருந்தது.

"நீயும் புள்ளயும் பக்கத்துல கோபால்சாமி வூட்டுல போய்ப் படுத்துக்கங்க" என்றான். "அவன் வூட்டுக்குப் பலகைக் கதவு கீது. நாளைக்கு இது முடிஞ்சிடும்."

"நான் எதுக்கு எவன் வூட்டுக்கோ போறேன்" என்றாள் அம்சவல்லி.

உள்ளே பெருக்கினாள். மூலை முடுக்கெல்லாம் கம்பு விட்டுத் தட்டிப் பார்த்தாள். மாடத்தில் விளக்கை வைத்து, பாய் விரித்து, தூங்கிவிட்ட குழந்தையைப் படுக்க வைத்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள். நிலையின் ஒரு பக்கம் முதுகைச் சாய்த்து, புதுப் படியை ஒட்டிக் கால்களை நீட்டி, மறு பக்கத்து நிலையில் பாதங்களை முட்டக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். கையில் ஒரு கம்பு. சேலையைக் கணுக்காலுக்கு அடியில் இழுத்துச் செருகினாள்.

வெளியே நின்றிருந்த புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கனா சந்து தெரியுதா பாரு மாமா."

ரங்கசாமி பார்த்தான். அப்படியே பலகைச் சீவலுக்கு நடுவில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதான். நான் புளி மூட்டைகளை எண்ணுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன்.